காற்றை உறிஞ்சிவிட்டால் மீன்குழம்பு கெடாதா?

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "போன மாதம் வேக்யூம் சீலர் மெஷின் வாங்கினோம். கவருக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி ஒட்டிவிடுகிறது. காற்று இல்லையென்றால் எதுவுமே கெடாது என்று கடைக்காரர் சொன்னார். அப்படியானால் மீன்குழம்பு, இஞ்சி பூண்டு விழுது, அரிசி, கருவாடு, என் கல்யாணப் பட்டு, மழையில் நனைந்த மாமனாரின் பழைய புத்தகங்கள் எல்லாவற்றையும் இப்படிப் போட்டு அலமாரியில் வைத்துவிடலாமா? ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்தில் வெளிநாட்டில் இப்படித்தானே வைத்திருந்தார்கள்?"

முதலில் அந்த மீன்குழம்பு. அலமாரியில் வைக்காதீர்கள். ஏற்கெனவே வைத்திருந்தால் ருசிகூடப் பார்க்காமல் கொட்டிவிடுங்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

கடைக்காரர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் சொன்னதைத்தான் பெரிய பெரிய விஞ்ஞானிகளே 200 வருஷம் நம்பிக்கொண்டிருந்தார்கள். ஜெர்மனியில் மாக்டபர்க் நகர மேயராக இருந்த ஓட்டோ ஃபான் கெரிக்கே, இரண்டு உலோக அரைக்கோளங்களைச் சேர்த்து, உள்ளே இருந்த காற்றை எடுத்துவிட்டு, இந்தப் பக்கம் எட்டு அந்தப் பக்கம் எட்டு என்று குதிரை பூட்டி இழுக்கவிட்ட கதையைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அதே மனிதர் காற்றை எடுத்த பாத்திரத்தில் திராட்சையை மாதக்கணக்கில் வைத்தும் பார்த்தார். அப்புறம் டெனி பப்பாங் என்ற பிரெஞ்சுக்காரர், பாரிஸில் ஹைகன்ஸ் என்ற விஞ்ஞானியிடம் உதவியாளராக இருந்தபோது, வெற்றிடத்தில் செய்த சோதனைகளை 1674-ல் புத்தகமாகவே போட்டார். பழங்களை அப்படி வைத்தால் எவ்வளவு நாள் தாங்கும் என்று இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் தாங்கியது, முழுசாகத் தாங்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால், இந்தப் பப்பாங்தான் 1679-ல் லண்டனில் பிரஷர் குக்கரின் மூதாதையைச் செய்து காட்டியவர். மூடி திருகி, சேஃப்டி வால்வு வைத்த இரும்புப் பானை. அவர் தேடிய விடை அந்தப் பானைக்குள்ளேதான் இருந்தது, ஆனால் இரண்டையும் சேர்த்துப் பார்க்க அன்றைக்கு வழியில்லை. கிருமி என்று ஒன்று இருப்பதும் அது சாப்பாட்டைக் கெடுப்பதும் யாருக்குத் தெரியும்?

சேர்த்தவர் ஒரு மிட்டாய்க்காரர். நிக்கோலா ஆப்பேர் என்று பெயர். கண்ணாடி பாட்டிலில் பட்டாணி, இறைச்சி, சூப் எதையாவது நிரப்பி, கார்க்கை அடித்து, கம்பியால் கட்டி, வெந்நீரில் மணிக்கணக்கில் வேகவைப்பார். அவ்வளவுதான் முறை. பிரெஞ்சு அரசாங்கம் 1810-ல் அவருக்கு 12,000 பிராங்க் கொடுத்தது. ஏன் கெடவில்லை என்று கேட்டால் ஆப்பேருக்கே சரியாகச் சொல்லத் தெரியாது. அந்தப் பாட்டில்களைத் திறந்து ஆராய்ந்த வேதியியலாளர் கே-லுசாக், உள்ளே ஆக்சிஜன் இல்லை, அதனால்தான் கெடவில்லை என்று எழுதிவிட்டார். பெரிய மனிதர் சொன்ன வார்த்தை, மறுபேச்சு இல்லை. 1860-களில் லூயி பாஸ்டர் என்ற விஞ்ஞானி வந்துதான் வேலை செய்தது சூடு, காற்று இல்லாமை அல்ல என்று காட்டினார்.

இடைப்பட்ட ஐம்பது வருஷத்தில் இந்தத் தப்புக்கு விலையும் கொடுத்தார்கள். 1852 ஜனவரியில் இங்கிலாந்துக் கடற்படையின் கிடங்கில், கோல்ட்னர் என்ற ஒப்பந்தக்காரர் சப்ளை செய்த இறைச்சி டின்களைத் திறந்து பார்த்தார்கள். 306 டின்னில் 42 மட்டும்தான் வாயில் வைக்க முடிந்தது. பெரிய பெரிய டின்கள், நடுப்பகுதிக்குச் சூடு போய்ச் சேரவில்லை என்பது பிற்பாடு புரிந்தது. காற்றுப் புகாமல் மூடியிருந்தும் அந்த நாற்றம்.

இப்போது உங்கள் குழம்புக்கு வருகிறேன். சாப்பாடு கெட்டுவிட்டதா என்று நாம் எப்படிப் பார்க்கிறோம்? அம்மா மூடியைத் திறந்து ஒரு முகர் முகர்வார், முகம் சுளித்தால் கீழே கொட்ட வேண்டியதுதான். புளிப்பு வாடை, நூல் கட்டுவது, மேலே பூஞ்சை படர்வது, இதையெல்லாம் செய்கிற கிருமிகளில் நிறைய பேருக்குக் காற்று வேண்டும். நீங்கள் காற்றை எடுத்ததும் அவை அடங்கிவிடும். ஆனால் காற்று இருந்தால் வளராத, இல்லாவிட்டால்தான் வளரும் கிருமி ஒன்று உண்டு, போட்டுலினம். மண்ணில், மீன் குடலில் விதை மாதிரி கெட்டியான ஓட்டோடு கிடக்கும், சாதாரணக் கொதியில் சாகாது. போட்டிக்கு யாரும் இல்லாத, ஈரமான, அதிகம் புளிப்பில்லாத இடம் கிடைத்தால் முளைத்து, நரம்பை முடக்கும் விஷத்தை உண்டாக்கும். பல நேரம் வாடையும் இருக்காது, ருசியும் மாறாது. ஆக, எச்சரிக்கை மணி அடிக்கிறவர்களை வெளியே அனுப்பிவிட்டுத் திருடனை உள்ளே வைத்துப் பூட்டுகிறோம்.

1895-ல் பெல்ஜியத்தில் எலசெல் என்ற ஊரில், சாவு வீட்டில் வாசித்துவிட்டு வந்த வாத்தியக்காரர்கள் உப்புநீரில் ஊறிய பன்றித்தொடை சாப்பிட்டார்கள், மூன்று பேர் செத்தார்கள். அந்த இறைச்சியிலிருந்துதான் ஃபான் எர்மெங்கெம் என்ற விஞ்ஞானி இந்தக் கிருமியைப் பிரித்தெடுத்தார். நமக்கு இன்னும் நெருக்கமான சம்பவம் 1963-ல் அமெரிக்காவில் நடந்தது: புகை போட்ட ஏரிமீனை வேக்யூம் கவரில் அடைத்து விற்றார்கள், குளிரில் வைக்கத் தவறிய இடத்தில் விஷம் ஏறி உயிர்ப்பலி ஆனது. கவர் இல்லாமல் இருந்திருந்தால் நாறியிருக்கும், யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

அதனால் குழம்பை நன்றாக ஆறவைத்து, சீல் செய்து, நேராக ஃப்ரீசரில் வையுங்கள். மைனஸ் 18 டிகிரியில் மாதக்கணக்கில் இருக்கும், கவரில் காற்று இல்லாததால் பனி படிந்து வறண்டுபோகாது. இங்கேதான் உங்கள் மெஷினுக்கு மரியாதை. ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தால் சாதாரண டப்பாவில் வைத்த கணக்குதான், இரண்டு மூன்று நாள். பச்சை மீனை இப்படி உறையவைத்திருந்தால், உருக வைக்கும் முன் கவரை ஓரத்தில் வெட்டிவிடுங்கள், உருகும் நேரத்தில் காற்றுப் படட்டும். இஞ்சி பூண்டு விழுதும் ஃப்ரீசருக்குத்தான். எண்ணெய் ஊற்றி வைத்தால் கெடாது என்பவர்களுக்கு ஒரு தகவல்: 1985-ல் வான்கூவரில் எண்ணெயில் போட்ட பூண்டால் 36 பேருக்கு இதே விஷம் ஏறியது. எண்ணெயும் காற்றைத் தடுக்கிற மூடிதானே. (நம் ஊறுகாய் தப்பிப்பதற்குக் காரணம் உப்பும் புளிப்பும்.)

குக்கரில் பாட்டிலை வைத்து விசில் விட்டு டின் சாப்பாடு மாதிரி செய்யலாமா என்று அடுத்த கேள்வி வரும். வேண்டாம். தொழிற்சாலையில் 121 டிகிரி சூடு டின்னின் நடுப்புள்ளி வரை போய் நிற்கிறதா என்று அளந்து செய்கிறார்கள். நம் குக்கரில் அளக்க ஒன்றும் இல்லை.

அரிசி, பருப்பு, முந்திரிக்குத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். காய்ந்த பொருள், கிருமிக்கு வேண்டிய ஈரம் இல்லை. வண்டும் மூச்சு முட்டிச் சாகும், ஆனால் அதற்குச் சில வாரம் ஆகும். அவசரமென்றால் நான்கு நாள் ஃப்ரீசரில் வைத்து எடுத்து, வெளியே நீர் முத்துகள் காய்ந்த பிறகு அடுக்குங்கள். காபிப் பொடிக்கு இதைவிட நல்ல வழி கிடையாது, சான்பிரான்சிஸ்கோவில் ஹில்ஸ் சகோதரர்கள் 1900-லேயே வேக்யூம் டின்னில் விற்றார்கள். புதிதாக வறுத்ததை உடனே அடைத்தால் கவர் உப்பிக்கொள்ளும். அது காபி விடும் கரியமில வாயு, பயப்பட ஒன்றுமில்லை. கருவாடு உப்பேறி முறுக்கென்று காய்ந்திருந்தால் சரி. வளைத்தால் வளைகிற மாதிரி அரைகுறையாகக் காய்ந்தது என்றால் அது 1963-ன் ஏரிமீன், ஃப்ரீசருக்குப் போகட்டும்.

சேலையும் புத்தகமும் மிச்சம். பொருட்களைக் காப்பாற்ற வெற்றிடத்தைப் பயன்படுத்திய வரலாறு உண்டு, ஆனால் யாரும் அதற்குள் போட்டு மூடி வைக்கவில்லை. இங்கிலாந்தில் ஜான் பெத்தெல் 1838-ல் காப்புரிமை வாங்கிய முறையில், ரயில் பாதைக் கட்டைகளை இரும்பு உருளைக்குள் தள்ளி, மரத்துளைகளில் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கிரியோசோட் என்ற தார் எண்ணெயை அழுத்தி ஏற்றுவார்கள். கரையானைத் தடுத்தது எண்ணெய், வெற்றிடம் அதற்கு வழிவிட்டது. பாலிலும் அப்படித்தான். கெய்ல் போர்டன் 1856-ல் காப்புரிமை வாங்கிய வேக்யூம் பாத்திரத்தில் பால் குறைந்த சூட்டிலேயே கொதித்து, அடிப்பிடிக்காமல் சுண்டியது. டின்னில் அது கெடாமல் இருந்ததற்குக் காரணம் பிற்பாடு கொட்டிய சர்க்கரை.

நனைந்த புத்தகத்துக்கு நேரடி உதாரணமே இருக்கிறது. 1978 நவம்பரில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக நூலகத்தில் தண்ணீர்க் குழாய் உடைந்து சுமார் 50,000 புத்தகங்கள் நனைந்தன. அவற்றை முதலில் உறையவைத்தார்கள், பூஞ்சை அங்கேயே நின்றது. அப்புறம் லாக்ஹீட் நிறுவனத்தின் விண்வெளிச் சோதனை வெற்றிட அறைக்குள் அடுக்கினார்கள். அழுத்தம் 6 மில்லிபாருக்குக் கீழே போனால் பனிக்கட்டி தண்ணீராகாமல் நேராக ஆவியாகும், தாள் ஒட்டாது, மை ஓடாது. இரண்டாம் உலகப் போரில் ரத்தப் பிளாஸ்மாவை உலர்த்தியதும், பெரியம்மை தடுப்பு மருந்தை 37 டிகிரி வெயிலிலும் ஒரு மாதம் தாங்க வைத்ததும் இதே வித்தைதான். உங்கள் மெஷின் அந்த அழுத்தத்தின் பக்கத்தில்கூடப் போகாது. ஈரத்தை வெளியே எடுக்காமல் உள்ளேயே வைத்து அடைத்துவிடும். மாமனாரின் புத்தகங்களை நிழலில் மின்விசிறிக்குக் கீழே, பக்கங்களுக்கு நடுவே வெள்ளைத்தாள் வைத்து, தாளை மாற்றி மாற்றிக் காயவையுங்கள். இன்று முடியாதென்றால் பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிட்டு, நேரம் கிடைக்கும்போது ஒவ்வொன்றாக எடுங்கள். ஸ்டான்ஃபோர்டு முறையில் பாதி அதுதான்.

பட்டுச் சேலையை அந்தக் கவரில் போடவே போடாதீர்கள். காற்றை இழுத்ததும் சேலை பலகை மாதிரி அழுந்தி, மடிப்பு விழுந்த இடத்திலேயே சரிகை முறியும். பழைய வெள்ளை வேட்டித் துணியில் சுற்றி வைத்து, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரித்து மடிப்பை மாற்றினால் போதும்.