மழையில் தூண்டில்: கேட்டவர்களுக்குச் சொன்னவை

ஐப்பசி பிறந்தால் கண்மாய்க்குத் தண்ணீர் வரும், எனக்குக் கேள்விகள் வரும். மதுரை, சிவகங்கைப் பக்கத்துக் கண்மாய்களில் முப்பது வருடத்துக்கு மேல் தூண்டில் போடுகிறேன். எனக்கிருக்கும் தகுதி அது ஒன்றுதான். கடலும் வலையும் எனக்குத் தெரியாது. சரி, ஆரம்பிப்போம்.

மழை பெய்யும்போது மீன் நன்றாகக் கடிக்கும் என்கிறார்களே, நிஜமா? (மேலூர்)

பெய்கிற மழையை விடுங்கள், உள்ளே வருகிற தண்ணீரைப் பாருங்கள். காடு கரையில் விழுந்த மழை புழு, பூச்சி, எறும்பு, அழுகிய இலை எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு வரத்துக்கால் வழியாகக் கண்மாய்க்குள் இறங்கும். மீனுக்கு அது பந்தி. அதோடு வெயிலில் சூடேறிக் கிடந்த தண்ணீர் குளிர்கிறது. குளிர்ந்த தண்ணீரில் ஆக்ஸிஜன் கூடுதலாகக் கரையும். தண்ணீர் கலங்கியிருப்பதால் கரையில் நிற்கும் உங்கள் நிழலும் அதற்குத் தெரியாது.

செம்மண் தண்ணீரும் பழைய தெளிந்த தண்ணீரும் சேரும் இடத்தில் ஒரு கோடு தெரியும், டீயில் பால் ஊற்றிக் கலக்காமல் விட்ட மாதிரி. தூண்டிலை அந்தக் கோட்டில் போடுங்கள். கலங்கலுக்கு நடுவில் போட்டால் குப்பைதான் மாட்டும். தூறலில் தக்கையை நம்ப முடியாது, துளி விழுந்து அதுவும் ஆடிக்கொண்டே இருக்கும். தக்கையைக் கழற்றிவிட்டு ஒரு ஈயக்குண்டு கட்டித் தரையில் படுக்க விடுங்கள். தூண்டில் நரம்பை ஆள்காட்டி விரலில் லேசாகத் தொட்டுக்கொண்டிருங்கள். கெளுத்தி வந்தால் டொக், டொக் என்று இரண்டு தட்டு, பிறகு ஒரு இழுப்பு. விரலில் வரும் அந்த முதல் தட்டுக்காகத்தான் நான் நனைகிறேன்.

கொட்டு மழையில் எனக்கு அதிகம் கிடைத்ததில்லை. மழை விட்ட முதல் இரண்டு மணி நேரம்தான் சுகம்.

மழைக்கு எந்த இரை நல்லது? (உசிலம்பட்டி)

மண்புழு. மழையில் அடித்து வரப்படுவதும் அதுதான், மீன் எதிர்பார்ப்பதும் அதுதான். முள்ளில் முழுதாகக் கோத்து, வால் ஒரு அங்குலம் நெளியும்படி விடுங்கள். விராலுக்கு மட்டும் சின்னத் தவளை, அல்லது ரப்பர் தவளை. தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரத்தடியில் போட்டுப் பாருங்கள்.

காற்றழுத்தம் குறையும்போது மீனின் காற்றுப் பையில் மாற்றம் ஏற்பட்டு அது வெறியோடு இரை எடுக்கும் என்கிறார்கள். போனில் அழுத்தமானி செயலி வைத்துப் பார்த்துப் போகிறேன். சரியா? (திண்டுக்கல்)

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மில்லிபார் அழுத்தம் என்பது ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் தண்ணீரின் கனம். இடிமழைக்கு முன் ஐந்து மில்லிபார் இறங்கினால் ஐந்து சென்டிமீட்டர். மீன் நாலு விரற்கடை கீழே இறங்கினால் இழந்த அழுத்தம் திரும்பக் கிடைத்துவிடும். நாள் முழுக்க மீட்டர் கணக்கில் ஏறி இறங்குகிற பிராணிக்கு இது ஒரு பொருட்டா? மழைக்கு முன் மீன் கடிக்கிறது, மறுக்கவில்லை. மேகம் மூடி வெளிச்சம் குறைகிறது, காற்றடித்துக் கரையோரப் பூச்சி தண்ணீரில் விழுகிறது. காரணம் இதுதான் என்பது என் கட்சி. செயலியை வைத்துக்கொள்ளுங்கள், மின்னலுக்கு உதவும் செயலி வேறு இருக்கிறது. கீழே சொல்கிறேன்.

கார்பன் கம்பு மின்னலை இழுக்குமா? (மதுரை, அண்ணாநகர்)

கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். அதைவிட முக்கியமாக, மரமில்லாத நீண்ட கரையில் நீங்கள்தான் உயரம், உங்கள் கையில் பத்தடிக் கம்பு வேறு.

ஒரு புரட்டாசி சாயங்காலம். மழை இன்னும் வரவில்லை, தெற்கே மட்டும் கறுத்திருந்தது. கம்பு கையில் ‘ம்ம்ம்’ என்று முனகியது. ரீலில் வண்டு புகுந்துவிட்டதென்று காதருகே கொண்டுபோனேன். முழங்கை முடி சிலிர்த்து நின்றது. அப்போதுதான் உறைத்தது. கம்பைத் தூக்கி எறிந்துவிட்டுக் கரையின் உட்சரிவில் இறங்கி, காலை ஒட்டி வைத்துக் குந்தினேன். கொஞ்ச நேரத்தில் எதிர்க்கரைப் பனை ஒன்றில் மின்னல் இறங்கியது. மறுநாள் போய்ப் பார்த்தேன், குருத்து கருகியிருந்தது.

மின்னலைப் பார்த்ததும் எண்ணுங்கள். ஒலி ஒரு கிலோமீட்டர் வர ஏறக்குறைய 3 விநாடி. 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் அது பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது, கிளம்புங்கள். மரத்தடிக்கு அல்ல, கட்டடத்துக்கோ காருக்கோ. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் திரும்ப வரவேண்டும். புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் செய்த ‘தாமினி’ செயலியைப் போனில் போட்டுக்கொள்ளுங்கள். கரையைத் தாண்டிப் போகும் மின்கம்பியையும் அண்ணாந்து பாருங்கள். நனைந்த மூங்கில் கம்பும் ஷாக் அடிக்கும்.

மறுகால் பாயும்போது கலுங்கில் மீன் துள்ளுகிறதே, அங்கே போடலாமா? (சிவகங்கை)

கூடாது. கண்மாய் நிறைந்து தண்ணீர் வழிந்து வெளியேறும் கலுங்குக் கல்லில் பாசி படிந்திருக்கும், மேலே தண்ணீர் ஓடும்போது அது கண்ணுக்குத் தெரியாது. முழங்கால் தண்ணீர்தானே என்று நானும் ஒருமுறை இறங்கினேன். உட்கார்ந்த வாக்கில் இழுத்துக்கொண்டு போய்க் கீழே போட்டது. கம்பு போனது, ஒரு செருப்பு போனது, நான் தப்பினேன். கீழே விழுகிற தண்ணீர் உருண்டு உருண்டு ஆளை உள்ளேயே வைத்துக்கொள்ளும், நீச்சல் தெரிந்தவனுக்கும் அதுதான் கதி. இதை ஒவ்வொரு வருடமும் சொல்கிறேன்.

மழைக்காலத்தில் என்ன இரை போடலாம்? (அருப்புக்கோட்டை)

மண்புழு.

என் வீட்டுக்காரர் மழையென்றால் போதும், கிளம்பிவிடுவார். நனைந்து காய்ச்சல் வருமென்றால் கேட்பதில்லை. நீங்களாவது சொல்லுங்கள். (திருமங்கலம்)

அம்மா, நனைவதைவிட அவர் காலில் இருக்கும் வெடிப்பைப் பற்றிக் கவலைப்படுங்கள். மழைத் தண்ணீரில் எலி மூத்திரம் கலந்திருக்கும். கால் வெடிப்பு, முள் கீறல் வழியாக எலிக்காய்ச்சல் கிருமி ஏறும். பெரும்பாலும் 5 முதல் 14 நாள் கழித்துக் காய்ச்சல், கெண்டைக்கால் சதையில் கடும் வலி, கண் சிவப்பு. ஆரம்பத்திலேயே போனால் மாத்திரையில் சரியாகிவிடும், விட்டால் சிறுநீரகம் வரை போகும். காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் “கண்மாய்த் தண்ணீரில் நின்றேன்” என்று அவர் வாயால் சொல்ல வேண்டும். பலர் சொல்வதில்லை. காலில் புண் இருக்கும் நாளில் செருப்பை ஒளித்து வையுங்கள். அப்புறம் ஒன்று கேளுங்கள் அவரிடம்: கலுங்குக்குப் போகிறாரா?

வைகை ஆற்றுக்குள்ளே இறங்கிப் போடலாமா? மதுரையில் மழையே இல்லை. (மதுரை, செல்லூர்)

மதுரையில் மழை இல்லாததுதான் ஆபத்து. வருசநாட்டு மலையில் பெய்தது இங்கே வெயிலில் வந்து சேரும். வைகை அணையில் தண்ணீர் தேக்கும் உயரம் 71 அடி. நீர்மட்டம் 66, 68.5, 69 அடிகளைத் தொடும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு வெள்ள எச்சரிக்கை விடுவார்கள். முதல் எச்சரிக்கையிலேயே மணலை விட்டு மேலே வந்துவிடுங்கள்.

முதல் வெள்ளத்துக்கு ஏத்துமீன் ஏறும்போது வரத்துக்காலில் பிடிப்பதைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லையே? மழைமீனில் அதுதானே ருசி! (திருப்புவனம்)

வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. அது தண்ணீரை எதிர்த்து ஏறுவது முட்டையிட. வயிறு முழுக்கச் சினை. முட்டையிடப் போகிறவளை வாசலில் மறித்துப் பிடிப்பதில் எனக்குச் சம்மதமில்லை. கேரளத்தில் இதே மீன்பிடிப்பை ஊத்த என்பார்கள், அங்கே அதற்குச் சட்டப்படி தடை.

(திருப்புவனம், மறுபடியும்) எங்கள் தாத்தா பிடித்தார், அப்பா பிடித்தார். மீன் குறைந்தா போயிற்று?

குறைந்துதான் போயிற்று. உங்கள் தாத்தா வைத்தது ஒரு ஊத்தா (கூடைப் பொறி), அதுவும் கால்வாயில் ஒரு ஓரமாக. இன்று வரத்துக்கால் முழுவதையும் அடைத்துக் கொசுவலை கட்டுகிறார்கள். ஒரு விரல் நீளக் குஞ்சுகூட அதைத் தாண்டாது.

(மானாமதுரை) மீன்பாசிக் குத்தகை (கண்மாய் மீனைப் பிடிக்கும் உரிமை) எடுத்தவர் வருடாவருடம் குஞ்சு விடுகிறாரே. ஏத்துமீன் முட்டையிட்டால் என்ன, இடாவிட்டால் என்ன?

அவர் விடுவது ரோகு, கட்லா. தேங்கிய தண்ணீரில் அவை லேசில் முட்டையிடாது. 1957-இல் ஒடிசாவில் கெண்டைக்கு ஊசி போட்டு முட்டையிட வைத்தார்கள். அந்த வழியில்தான் பண்ணைகளில் இன்று குஞ்சு உற்பத்தி நடக்கிறது. கெளுத்தி, குரவை, ஆரால், உளுவை, அயிரை எல்லாம் எந்தப் பண்ணையிலிருந்து வரும்? மழைத் தண்ணீரில் தானாக ஏறி, தானாகப் பெருகினால்தான் உண்டு. குழம்பு வைக்கும்போது அயிரை விலையைக் கேட்டுப் பாருங்கள்.

(காரைக்குடி) ஊருக்கு உபதேசம் பண்ணுகிறீர்கள். சின்ன வயதில் நீங்கள் பிடித்ததே இல்லையா?

பிடித்திருக்கிறேன். பத்து வயதிருக்கும். ராத்திரி அரிக்கேன் விளக்கோடு மாமாவுடன் போனேன். வயலில் கணுக்கால் தண்ணீர். வரப்பு உடைந்த இடத்தில் ‘சளப், சளப்’ என்று சத்தம். விளக்கைத் தாழ்த்தினால் குரவையும் கெண்டையும் பாதி உடம்பு தண்ணீருக்கு வெளியே தெரிய, வாலால் தரையை உதைத்து உதைத்து ஏறுகின்றன. குனிந்து அள்ளினால் போதும். கூடை நிறைந்தது. அம்மா அறுத்தபோது சினை இல்லாத மீன் ஒன்றுகூட இல்லை, சினையை மட்டும் தனியாக ஒரு சட்டி வறுத்தார்கள். ருசியைப் பற்றி நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டாம்.

(திருப்புவனம், மூன்றாம் முறை) சரி, வயல் பள்ளத்தில் சிக்கிக்கொண்ட மீன்? தண்ணீர் வற்றினால் அது எப்படியும் சாகத்தானே போகிறது?

இதில் நீங்கள் சொல்வது சரி. தண்ணீர் வடியும்போது பள்ளத்தில் மாட்டியதைத் தாராளமாகப் பிடியுங்கள். முடிந்தால் குஞ்சை மட்டும் ஒரு வாளியில் அள்ளிக் கண்மாயில் விடுங்கள். சிவப்பு நூல்கண்டு மாதிரி விரால் குஞ்சுக் கூட்டம் திரிந்தால் கீழே காவலிருக்கும் தாய் தகப்பனுக்குத் தவளை போடாதீர்கள். அதுகளைத் தூக்கிவிட்டால் மற்ற மீன்கள் குஞ்சு அத்தனையையும் தின்றுவிடும். இத்தோடு ஏத்துமீன் பஞ்சாயத்தை முடித்துக்கொள்வோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

மூன்று நாள் மூட்டம். காலையில் எங்கள் குளத்து மீனெல்லாம் மேலே வந்து வாயைப் பிளக்கிறது. என்ன போட்டும் கடிக்கவில்லை. (நத்தம்)

அதற்குப் பசியில்லை, மூச்சு முட்டுகிறது. வெயில் இல்லாததால் தண்ணீரில் பாசி ஆக்ஸிஜன் தரவில்லை, ராத்திரியில் இருந்ததும் தீர்ந்துவிட்டது. தூண்டிலைச் சுருட்டிவிட்டு மோட்டார் போட்டுத் தண்ணீரை மேலிருந்து கொட்ட விடுங்கள்.

கெளுத்தி முள் குத்திக் கை வீங்கிவிட்டது. (பரமக்குடி)

பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் கையை அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வையுங்கள், அந்த விஷம் சூட்டில் முறியும். முதலில் இன்னொருவர் கையை விட்டுச் சூடு பார்க்கட்டும், வலியில் உங்களுக்குத் தெரியாது. முள் உள்ளே ஒடிந்திருந்தால் ஆஸ்பத்திரி. டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருடமாயிற்று?

மழையில் பாம்பன் பாலத்தடியில் போடலாமா? (ராமநாதபுரம்)

கடல். ஆரம்பத்திலேயே சொன்னேன். அங்கே இருக்கும் பெரியவர்களைக் கேளுங்கள்.

மழைக்கு ஏற்ற இரை… (விருதுநகர்)

மண்புழு, மண்புழு, மண்புழு.

குடையா, ரெயின்கோட்டா? (சோழவந்தான்)

ரெயின்கோட். ஒரு கையில் குடை, ஒரு கையில் கம்பு என்றால் மீனை எதால் பிடிப்பீர்கள்? கம்பூட்ஸ் வேண்டாம், தண்ணீர் புகுந்தால் காலைத் தூக்க முடியாது.

(மேலூர், மறுபடியும்) நாளைக்கு மழை என்கிறார்கள். எங்கள் ஊர்க் கலுங்குக்குப் பக்கத்தில் ஒரு நல்ல இடம் பார்த்து வைத்திருக்கிறேன்…

பார்த்தது போதும். நாளைக்கு இடி இல்லையென்றால் காலை ஆறு மணிக்கு வரத்துக்கால் வாய்க்கு வாருங்கள், உங்கள் கண்மாய்க்கே நான் வருகிறேன். குத்தகைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள். புழு நான் கொண்டுவருகிறேன்.