கைத்துப்பாக்கி கேள்வி – பதில்: கூடுதல் விலை எங்கே போகிறது?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் விலை பற்றியவை. ஆகவே அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். எந்த வகையை யார் வைத்திருக்கலாம் என்பதை அவரவர் நாட்டுச் சட்டமும் உரிமமும்தான் முடிவு செய்யும். கீழே சொல்லும் சோதனை எதையும் தோட்டாப் பெட்டியான மேகசினைக் கழற்றி, குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்த பிறகே தொடங்குங்கள்.

கேள்வி: பெரிய பெயருள்ள நிறுவனம் கையால் பொருத்தித் தரும் 9 மி.மீ பிஸ்டல், ராணுவமும் காவல்துறையும் பயன்படுத்தும் சாதாரண சர்வீஸ் பிஸ்டலைவிட நான்கு மடங்கு விலை. நான்கு மடங்கு நன்றாகச் சுடுமா?

பதில்: சுடாது. அதற்காக அந்தப் பணம் வீண் என்றும் சொல்ல மாட்டோம். எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் நம்பகத்தன்மையைத் தள்ளி வைத்துவிடலாம். ஆஸ்திரிய ராணுவம் கிளாக் 17ஐ ஏற்றது 1982இல். அன்றிலிருந்து, ஒரே அச்சில் வார்த்தாற்போல உதிரி பாகங்கள் ஒன்றுக்கொன்று மாறிப் பொருந்தும், சிக்காமல் ஓடும் பிஸ்டல் நடுத்தர விலையிலேயே கிடைக்கிறது. அந்தப் படிக்கு மேலே கொடுக்கும் பணம் சிக்காமல் ஓடுவதைக் கூட்டுவதில்லை. குழல் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் பூட்டுவதற்கும், டிரிகருக்கும், மேல்பூச்சுக்கும் போகிறது.

இதில் குழல் பூட்டுவதுதான் முக்கியம். பிரௌனிங் முறையில் அமைந்த பிஸ்டல்களில் குழல் நிலையாக நிற்பதில்லை. ஒவ்வொரு சுடுதலிலும், முன்பின் ஓடும் மேல்பகுதியான ஸ்லைடோடு சில மில்லிமீட்டர் பின்னால் போய், பின்புறம் கீழே சாய்ந்து, மறுபடி மேலே ஏறி உட்காருகிறது. குறிபார்க்கும் சைட்டுகளோ ஸ்லைடின்மேல் இருக்கின்றன. குழலின் நீளம் 114 மி.மீ என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் முனை முன்பு நின்ற இடத்திலிருந்து 0.1 மி.மீ விலகி உட்கார்ந்தால் 25 மீட்டரில் குண்டு சுமார் 22 மி.மீ தள்ளி விழும். குழலின் பின்மேல் விளிம்பு, அடிக்கட்டைகள், முன்வாய் ஆகிய மூன்று இடங்களையும் ஒரு தேர்ந்த கைவினைஞர் உரசி உரசிப் பொருத்துவது இந்த 0.1ஐக் குறைப்பதற்குத்தான். அந்த மணிக்கணக்கான உழைப்புக்குத்தான் விலை.

இப்போது சுடுபவர் பக்கம் வாருங்கள். முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே 165 மி.மீ இருக்கும் பிஸ்டலில், முன் சைட் அரை மில்லிமீட்டர் ஒதுங்கினால் 25 மீட்டரில் பிழை சுமார் 76 மி.மீ. டிரிகரை அவசரமாக இழுக்கும் விரலுக்கு அரை மில்லிமீட்டர் ஒரு பொருட்டே இல்லை.

இதை ஒரு கணக்காகப் போட்டுப் பாருங்கள். பிஸ்டலை மணல்மூட்டைமேல் வைத்து 25 மீட்டரில் 10 குண்டு சுடுங்கள். துளைகளின் பரவல் 80 மி.மீ என்று கொள்வோம். நல்ல சர்வீஸ் பிஸ்டலுக்கு இது இயல்பு. அடுத்து, நின்று சுடுங்கள். பரவல் 200 மி.மீ. துப்பாக்கியின் பிழையும் கையின் பிழையும் நேராகக் கூடுவதில்லை, ஏறத்தாழ வர்க்கங்களாகக் கூடும். அதன்படி உங்கள் கையின் பங்கு மட்டும் சுமார் 183. மணல்மூட்டையில் 40 மி.மீ தரும் விலை கூடிய பிஸ்டலை வாங்கினாலும் நின்று சுடும்போது சுமார் 188தான் வரும். நான்கு மடங்கு விலைக்கு 12 மி.மீ லாபம். இதே கணக்கை நின்று சுட்டே 100 மி.மீ எடுப்பவருக்குப் போட்டால் அவருடைய பரவல் 72க்கு இறங்கும். கை தேறத் தேறத்தான் துப்பாக்கியின் விலை தாளில் தெரியும்.

மூன்று குண்டு சுட்டு இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். மூன்று துளை ஒட்டி விழுவது அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். பத்துப் பத்தாக நான்கு தாள், ஒரே பெட்டித் தோட்டா, குழல் ஒரே அளவு சூடு. இப்படி எடுத்த சராசரியை நம்பலாம்.

டிரிகர் விஷயத்தில் மட்டும் புதியவருக்கும் வித்தியாசம் தெரியும். கிளாக் 17இன் காலி எடை சுமார் 630 கிராம், அதன் டிரிகர் சுமார் 2.5 கிலோ. எடையைப்போல நான்கு மடங்கு விசையை விரல் கொடுக்கிறது. துப்பாக்கி ஆடாமல் என்ன செய்யும்? இரும்பு உடல் கொண்ட 1911 (.45 தோட்டா சுடும் பழைய அமெரிக்க ராணுவப் பிஸ்டல்) ஏறக்குறைய 1.1 கிலோ, நன்கு பொருத்தியதில் டிரிகர் 1.8 கிலோ. இங்கே இரண்டு மடங்குகூட இல்லை. "விலை கூடியதைத் தொட்டவுடனே நன்றாகச் சுட்டேன்" என்பவர்கள் பெரும்பாலும் சொல்வது இந்த விகிதத்தைத்தான்.

வாங்குவதற்கு முன், இரண்டு பிஸ்டல்களின் விலை வித்தியாசத்தை ஒரு தோட்டாவின் விலையால் வகுத்துப் பாருங்கள். வரும் எண் பெரும்பாலும் ஆயிரக்கணக்கில் இருக்கும். அத்தனை தோட்டாவை நல்ல பயிற்சியாளரிடம் சுட்டு முடித்தவருக்கு 183 என்ற அந்த எண் அப்படியே இருக்காது.

கேள்வி: அதிக விலை கொடுத்து, இறுக்கமாகப் பொருத்திய 1911 வாங்கினேன். முதல் 200 தோட்டாவிலேயே பதினோரு முறை நின்றுவிட்டது. "500 சுட்டால் பழகிவிடும்" என்கிறார் விற்றவர். பொறுத்துப் பார்க்கலாமா?

பதில்: எப்படி நிற்கிறது என்பதைப் பொறுத்தது. இறுக்கமான பொருத்தத்தில் உரசும் மேடுகள் தேய்ந்து சீராகச் சில நூறு தோட்டாக்கள் ஆகும் என்பது உண்மை. எல்லாச் சிக்கலையும் அதில் போட்டு மூடக் கூடாது.

மேகசின்களுக்கு 1, 2, 3 என்று பெயின்டால் எண் போடுங்கள். ஒவ்வொரு முறை நிற்கும்போதும் எந்த மேகசின், எத்தனையாவது தோட்டா, எந்த நிலை என்று எழுதுங்கள். பதினோரு முறையில் ஒன்பது 2ஆம் மேகசினில் என்றால் துப்பாக்கியைக் குறை சொல்ல வேண்டாம்; அந்த மேகசினில் தோட்டாவைப் பிடித்து நிறுத்தும் மேல்விளிம்பான உதடு விரிந்திருக்கும், அல்லது ஸ்பிரிங் தளர்ந்திருக்கும்.

ஸ்லைடு முழுதும் மூடாமல் இரண்டு மூன்று மில்லிமீட்டர் திறந்து நின்றால்தான் "பழகும்" என்ற பேச்சுக்கு இடமுண்டு. ஸ்லைடு ஓடும் தண்டவாளங்களுக்கு எண்ணெய் போதுமா என்று பாருங்கள். இறுக்கமான துப்பாக்கி தளர்ந்ததைவிட அதிக எண்ணெய் கேட்கும், அழுக்கையும் குறைவாகவே பொறுக்கும். பிறகு குழலைத் தனியாகக் கழற்றி, நீங்கள் சுடும் தோட்டாவை அறைக்குள் விடுங்கள். டக்கென்று உட்கார்ந்து, குழலைக் கவிழ்த்ததும் தன் எடையிலேயே வெளியே விழ வேண்டும். ஒட்டிக்கொண்டால் அறையின் அளவு மிக இறுக்கம், அல்லது தோட்டாக் கூட்டின் வாய் குண்டைச் சுற்றிச் சரியாக அமுக்கப்படவில்லை. வேறு நிறுவனத் தோட்டாவில் திரும்பச் செய்து பார்த்தால் இரண்டில் எது என்று தெரிந்துவிடும்.

வெற்றுக் கூடு அறையிலேயே தங்குவதும், வெளியேறும் வாயில் நிமிர்ந்து மாட்டிக்கொள்வதும் வேறு கதை. அங்கே கூட்டை அறையிலிருந்து இழுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டரின் கவ்வும் இறுக்கம் தவறு, அல்லது ஸ்லைடை முன்னால் தள்ள .45க்கு வழக்கமான 16 பவுண்டு ஸ்பிரிங் இருக்க வேண்டிய இடத்தில் அதைவிடக் கடினமானது இருக்கிறது. ஆயிரம் சுட்டாலும் இது தானாகச் சரியாகாது. உத்தரவாதத்தில் திருப்பி அனுப்புங்கள், உங்கள் குறிப்புத் தாளையும் சேர்த்து. நீங்களே அரம் எடுத்தால் உத்தரவாதமும் போகும், எக்ஸ்ட்ராக்டரும் போகும்.

இன்னொன்று: 1911 பிறந்தது 230 கிரெய்ன் எடையுள்ள, உருண்டை மூக்குக் குண்டுக்காக. மூக்கில் குழியுள்ள குண்டு, தோட்டா அறைக்குள் ஏறும் பழைய பாணிச் சரிவில் முட்டி நிற்பதுண்டு. அடுத்த 200ஐ உருண்டை மூக்கிலேயே சுட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். சத்தம் வழக்கத்தைவிட மெலிதாகக் கேட்டால் அடுத்ததைச் சுடவே கூடாது. குழலில் குண்டு சிக்கியிருக்கலாம். பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம்.

கேள்வி: எம்ஐஎம் பாகங்கள் இருந்தால் மலிவுச் சரக்கு என்கிறார்களே?

பதில்: உலோகத் தூளைப் பசையோடு கலந்து அச்சில் அழுத்திச் செலுத்தி, பசையை நீக்கி, சூளையில் சுட்டு எடுப்பது எம்ஐஎம். சூளையில் பாகம் 15 முதல் 20 சதவீதம் வரை சுருங்கும். அந்தச் சுருக்கத்தைச் சரியாகக் கணித்துக் கட்டுப்படுத்தும் ஆலையில் அளவு துல்லியமாக வரும். கட்டுப்பாடு தளர்ந்தால் உள்ளே நுண்ணிய வெற்றிடங்கள் தங்கி, அடி வாங்கும் இடத்தில் உடையும்.

ஆகவே எந்தப் பாகம் என்று கேளுங்கள். டிரிகர், பிடியிலுள்ள பாதுகாப்புப் பூட்டு போன்றவற்றில் எம்ஐஎம் இருந்தால் கவலை இல்லை. 1911இன் உள் எக்ஸ்ட்ராக்டர் தானே ஸ்பிரிங்காகவும் வளைந்து வேலை செய்கிறது. அது ஸ்பிரிங் எஃகில் கடைந்ததாகத்தான் இருக்க வேண்டும். வெளியே பொருத்தும் எக்ஸ்ட்ராக்டருக்குத் தனி ஸ்பிரிங் உண்டு, அங்கே எம்ஐஎம் தாராளமாக ஓடும். அடிக்கும் சுத்தியான ஹேமரைப் பிடித்து வைத்திருக்கும் சியர், ஸ்லைடைப் பின்னால் நிறுத்தும் ஸ்லைடு ஸ்டாப் இரண்டும் எஃகுத் துண்டிலிருந்து கடைந்தவை என்று எழுத்தில் சொல்லும் நிறுவனத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை.

கேள்வி: 25 மீட்டர் .22 பிஸ்டல் போட்டிக்குத் தயாராகிறேன். இங்கும் இதே பதில்தானா?

பதில்: இல்லை. பணம் இருந்தால் இங்கே கொடுங்கள்.

துல்லியச் சுற்றில் 10 புள்ளி வட்டம் 50 மி.மீ விட்டம்தான். வேகச் சுற்றில் அது 100 மி.மீ, இலக்கு மூன்று நொடி மட்டும் முகம் காட்டும், அதற்குள் கையை உயர்த்திச் சுட வேண்டும். விதி டிரிகருக்குக் குறைந்தபட்சம் 1000 கிராம் கேட்கிறது, துப்பாக்கிக்கு அதிகபட்சம் 1400 கிராம். பார்டினி, வால்தர், மொரினி போன்ற போட்டிப் பிஸ்டல்களில் குழல் நிலையாக இருக்கிறது, கையோடு ஒட்டித் தாழ்ந்தும் இருக்கிறது. டிரிகரின் இடம், முதல் இழுப்பின் எடை, விடுபடும் புள்ளி எல்லாவற்றையும் தனித்தனித் திருகில் மாற்றலாம். பொழுதுபோக்கு .22 ஒன்றை வாங்கி இதையெல்லாம் பின்னால் சேர்க்கப் போனால் செலவு அங்கேயே வந்து நிற்கும், பொருந்துவதும் அரைகுறையாக இருக்கும்.

மரப்பிடியின் அளவில் கவனம் வையுங்கள். பிடி பெரிதாக இருந்தால், மணிக்கட்டை இறுக்காமல் கண்ணை மூடி உயர்த்தித் திறக்கும்போது முன் சைட் பக்கவாட்டில் ஒதுங்கியிருக்கும். பத்து முறை செய்து பாருங்கள். பத்திலும் ஒரே பக்கம் என்றால் பிடியைத்தான் மாற்ற வேண்டும். விலை கூடிய பிஸ்டலைத் தவறான பிடியோடு வாங்கிச் சுட்டுக்கொண்டிருப்பவர்களைப் பார்த்தால் மனம் வருந்துகிறது. நல்ல நிலையில் உள்ள பழைய வால்தர் ஜிஎஸ்பியும் இன்றைக்கும் போதும்; போட்டிப் பிஸ்டல்களை வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் பேணித்தான் வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: பழைய கோல்ட் பைத்தான் ரிவால்வர் ஒன்று விலைக்கு வருகிறது. கைவேலை என்பதால் புதியதைவிட மேலா?

பதில்: பைத்தான் 1955இல் வந்தது, இடையில் நின்று, 2020இல் குறைந்த பாகங்களோடு திருத்திய வடிவமைப்பில் மீண்டும் வந்தது. பழையதன், டிரிகரை மட்டும் இழுத்துச் சுடும் டபுள் ஆக்‌ஷன் இழுப்பு வெண்ணெய் போல இருக்கும் என்பது உண்மையே. கையால் பொருத்தியதற்கு மறுபக்கமும் உண்டு: பாகம் தேய்ந்தால் புதிதை எடுத்து மாட்டிவிட முடியாது, மறுபடி ஒரு கை அதைப் பொருத்த வேண்டும். அந்த வேலை தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள்.

வாங்குவதற்கு முன் உடைமையாளரின் அனுமதியோடு இவற்றைச் செய்யுங்கள். ஆறு அறையும் காலி என்று பார்த்துவிட்டு, அவற்றைத் தாங்கிச் சுழலும் சிலிண்டரை மூடி, ஹேமரை மிக மெதுவாக இழுங்கள். ஹேமர் பின்னால் நிற்பதற்கு முன்பே சிலிண்டர் பூட்டியிருக்க வேண்டும். ஆறு அறைக்கும் தனித்தனியே பாருங்கள். ஒன்றில் பிந்தினாலும், சிலிண்டரைத் தள்ளிச் சுழற்றும் 'கை' என்ற பாகம் தேய்ந்திருக்கிறது, விலையைக் குறைத்துப் பேசுங்கள். அடுத்து குழலுக்கும் சிலிண்டருக்கும் இடையே அளவுத் தகடு விடுங்கள். 0.10 முதல் 0.15 மி.மீ நன்று. 0.25ஐத் தாண்டினால் ஈயத் துணுக்கும் வாயுவும் பக்கவாட்டில் பீறும். சிலிண்டரை முன்னும் பின்னும் தள்ளி இரண்டு நிலையிலும் அளக்க வேண்டும். இரண்டு அளவுக்கும் இடையே பெரிய வித்தியாசம் வந்தால் முன்பின் ஆட்டம் கூடிவிட்டது.

வெடிவிசை கூடிய மேக்னம் தோட்டாவைத் தொடர்ந்து சுடத்தான் ரிவால்வர் வேண்டும் என்றால் புதிய பைத்தானையோ, பிரெஞ்சுக் காவல் பிரிவுகள் பயன்படுத்திய மனூரின் எம்ஆர்73ஐயோ பாருங்கள். பழைய பைத்தானை அழகுக்காக வாங்குவது நல்ல காரணமே.

கேள்வி: பளபளக்கும் நீலப் பூச்சுக்குத் தனி விலை கேட்கிறார்கள். துரு பிடிக்காதா?

பதில்: பிடிக்கும். நீலப் பூச்சு என்பது இரும்பின் மேற்பரப்பையே ஒரு மெல்லிய ஆக்சைடாக மாற்றுவது. எண்ணெயைப் பிடித்து வைக்கும், தானாக ஈரத்தைத் தடுக்காது. விலை குறைந்த சர்வீஸ் பிஸ்டல்களில் வரும் நைட்ரைடிங் எஃகின் மேல்தோலையே கடினமாக்குகிறது. உரசலுக்கும் வியர்வைக்கும் அதுவே மேல். பளபளப்புக்குக் கொடுக்கும் பணம் மேற்பரப்பைத் தேய்த்து மெருகேற்றிய நேரத்துக்கு. வாங்கினால், தொட்டு முடித்த ஒவ்வொரு முறையும் எண்ணெய்த் துணியால் துடையுங்கள். தோல் உறைக்குள் வைத்துப் பூட்டாதீர்கள். பதனிட்ட தோலில் தங்கும் உப்பும் ஈரமும் சில வாரங்களில் நீலத்தில் பழுப்புப் புள்ளி வைத்துவிடும்.