மன்றப் பதிவுக்கு உறுப்பினர் பெயர் கேட்டால்

தாங்கள் பால்புதுமையினர் (தன்பால் ஈர்ப்பினர், திருநர் போன்றோர்) என்று வெளியில் சொல்லாதவர்கள் பெயரை எழுதவே வேண்டாம். பால்புதுமையினர் மாணவர் மன்றத்தைப் பதியக் கல்லூரியில் பத்து உறுப்பினர் பெயர் கேட்கிறார்கள் என்றீர்களே, அந்தப் பத்தும் தோழமை மாணவர்களாகவே, அதாவது பால்புதுமையினர் அல்லாத ஆதரவாளர்களாகவே இருக்கலாம். 1967-இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் இதே சிக்கல்தான். வளாகத்தில் எல்லோருக்கும் தெரிந்த மாணவர் தலைவர்கள் தங்கள் பெயரைக் கொடுத்தார்கள், அங்கீகாரம் கிடைத்தது.

எல்லா மன்றத்துக்கும் நீட்டும் அதே படிவமாகத்தான் இருக்கும். உடனே பகை என்று எண்ண வேண்டாம். விதியில் ‘உறுப்பினர்’ என்றிருக்கிறதா, ‘பொறுப்பாளர்’ என்றிருக்கிறதா பாருங்கள். பொறுப்பாளர் என்றால் இரண்டு மூன்று பெயரே போதலாம். அப்புறம், பட்டியலை யார் பார்ப்பார்கள், பலகையில் ஒட்டுவார்களா, வீட்டுக்குத் தகவல் போகுமா என்று எழுத்திலேயே கேளுங்கள்.

இன்னொன்று, வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தவர் எண் குழுவில் உள்ள எல்லோருக்கும் தெரியும். கேட்காமல் யாரையும் அதில் சேர்க்காதீர்கள்.