ஸ்கூபா சாமான்களை விமானத்தில் எந்தப் பையில் கொண்டுபோவது? – கேள்வி பதில்

பை, பெட்டி பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள். ஒன்று மட்டும் முன்கூட்டியே: வாங்கும் முன் அதைக் காலியாக எடை போட்டுப் பாருங்கள். இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

நீலநண்டு: முதன்முறையாக வெளிநாட்டில் டைவ் செய்யப் போகிறேன். முழு செட்டும் சொந்தம். நல்ல பை ஒன்று சொல்லுங்கள்.

ஒன்று போதாது, இரண்டு வேண்டும். ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை மூச்சுக்குத் தருவது), டைவ் கம்ப்யூட்டர் (ஆழமும் நேரமும் காட்டுவது), மாஸ்க் மூன்றும் உங்களோடு கேபினில் வரட்டும். பெட்டி இரண்டு நாள் தாமதமானால் பிசிடியையும் (காற்று ஊதி மிதப்பைச் சரிசெய்யும் ஜாக்கெட்) ஃபின்னையும் (காலில் மாட்டும் துடுப்பு) போன இடத்தில் வாடகைக்கு வாங்கிக்கொள்ளலாம். உங்கள் முகத்துக்குப் பொருந்துகிற மாஸ்க் அப்படிக் கிடைக்காது. பவர் கண்ணாடி போட்டது என்றால் கேட்கவே வேண்டாம். ரெகுலேட்டர் ஹோஸ்களைப் பெரிய வட்டமாகச் சுற்றுங்கள். சிலிண்டரில் மாட்டும் முனையான ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் பக்கத்தில் ஹோஸ் மடியவே கூடாது.

மிச்சத்தை, அடியில் கெட்டியான பலகையும் சக்கரமும் உள்ள டஃபிள் பையில் போட்டு செக்-இன் செய்யுங்கள். எப்படி அடுக்குகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஃபின்களை இரண்டு ஓரத்திலும் சுவர் மாதிரி நிறுத்துங்கள். நடுவில் பிசிடி, அதைச் சுற்றி வெட்சூட் (நியோப்ரீன் ரப்பரில் செய்த டைவ் உடை). நியோப்ரீனைவிட நல்ல மெத்தை எந்தக் கடையிலும் கிடைக்காது, அதற்கு ஏற்கெனவே காசு கொடுத்துவிட்டீர்கள். பிசிடியின் தோளில், காற்று ஊதும் இன்ஃப்ளேட்டர் குழாய் வந்து சேரும் பிளாஸ்டிக் மூட்டின் மேல் எந்தக் கனமான சாமானும் உட்காரக் கூடாது. முழுக்கால் ஃபின் என்றால் கால் நுழையும் இடத்தில் சாக்ஸைத் திணித்து வையுங்கள், நசுங்கி வடிவம் மாறாது. கேபினில் வரும் மாஸ்க்கை அதன் சொந்த டப்பாவில்தான் வைக்க வேண்டும். தெளிவான சிலிக்கான் கறுப்பு ரப்பரோடு ஒட்டிக் கிடந்தால் கறை ஏறும், அது போகவே போகாது.

அப்புறம் அளவு. பல விமானங்களில் ஒரு பெட்டிக்கு 23 கிலோ. 32 கிலோவுக்கு மேல் காசு கட்டினாலும் பெரும்பாலும் வாங்க மாட்டார்கள். நீளம், அகலம், உயரம் கூட்டினால் 158 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். காலிப் பையே ஐந்து கிலோ என்றால் உங்களுக்கு மிஞ்சுவது பதினெட்டுதான்.

ஆமைக்குட்டி: பிசிடியில் காற்று விட்டு வைக்கலாமா?

உள்சுவர்கள் ஒட்டாமல் இருக்க இரண்டு ஊது ஊதுங்கள், போதும். பறக்கும்போது அழுத்தம் தரைமட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கு வரை இறங்கும். அடைத்த காற்று மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக விரியும். கோர்ஸில் படித்த பாயில் விதிதான்.

சுறாவால்: பெட்டிகள் போகும் அறையில் காற்றழுத்தமே இருக்காதாமே?

இருக்கும், கேபினில் இருக்கிற அதே அழுத்தம். அடுத்தவர்.

பாறைமீன்: துணிப்பையையா சொல்கிறீர்கள்? என்னிடம் கேமரா ஹவுசிங் (கேமராவுக்கான தண்ணீர் புகாத கூடு) இருக்கிறது. பெலிகன் மாதிரி ஹார்ட் கேஸ் தவிர எதுவும் சரிவராது.

ஹவுசிங்குக்கு ஒத்துக்கொள்கிறேன். நீலநண்டு கேட்டது டைவ் செட்டுக்கு. கேபின் அளவுள்ள பெலிகன் 1510 காலியாகவே ஐந்து கிலோவுக்கு மேல். ஏழு கிலோதான் விடுவோம் என்கிற விமானத்தில், ரெகுலேட்டர் செட்டை வைத்தாலே எல்லை தாண்டிவிடும்.

பாறைமீன்: எடைக்குக் காசு கட்டிக்கொள்ளலாம். டோம் போர்ட் (லென்ஸுக்கு முன்னால் வரும் குமிழ் ஜன்னல்) உடைந்தால்?

செக்-இன்னுக்குக் கட்டலாம். கேபின் பை எடை கூடினால் பல இடங்களில் விமான வாசலிலேயே வாங்கிக் கீழே அனுப்பிவிடுவார்கள். அந்த அவசரத்தில் உள்ளே இருக்கும் உதிரி பேட்டரிகளை வெளியே எடுக்க மறக்காதீர்கள். இன்னொன்று: ஹார்ட் கேஸின் ஓடு நசுங்காமல் காக்கும், அவ்வளவுதான். குலுக்கலையும் விழுந்த அடியையும் வாங்கிக்கொள்வது உள்ளே இருக்கும் ஃபோம். சாமானின் வடிவத்துக்கு ஃபோமை வெட்டாமல் போட்டு மூடினால் அது பெரிய கிலுகிலுப்பை. ஹவுசிங்கை இறுக்கி மூடிக்கொண்டும் பறக்காதீர்கள். அது வெளி அழுத்தத்தைத் தாங்கச் செய்த பொருள். மேலே போனால் உள்ளிருக்கும் காற்று போர்ட்டை வெளியே தள்ளும். தண்ணீர் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையமான மெயின் ஓ-ரிங்கைக் கழற்றித் தனியாக வையுங்கள்.

மீன்கொத்தி: நான் பாறைமீன் கட்சி. என் துணிப்பையில் இருந்த பிசிடி உடைந்து வந்தது. விமான நிறுவனம் கையை விரித்துவிட்டது.

எழுத்தில் புகார் கொடுத்தீர்களா, எத்தனை நாளில்? 1999-ஆம் ஆண்டு மாண்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தும் பயணங்களில், சேதத்துக்கு பெட்டி கைக்கு வந்த 7 நாட்களுக்குள் எழுத்துப் புகார் போக வேண்டும். தாமதத்துக்கு 21 நாட்கள். கன்வேயர் பெல்ட் பக்கத்திலேயே பையைத் திறந்து பாருங்கள், உடைந்ததைப் படம் எடுங்கள், அங்கே உள்ள கவுண்டரில் பதிவு செய்த பிறகே வெளியே வாருங்கள். இழப்பீட்டுக்கு உச்சவரம்பும் உண்டு. 2024 டிசம்பர் 28 முதல் அது 1,519 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), ஏறக்குறைய இரண்டாயிரம் அமெரிக்க டாலர். அது ஒரு பயணிக்கு, ஒரு பெட்டிக்கு இல்லை. நல்ல ஹவுசிங் ஒன்றே அதைத் தாண்டிவிடும். பாறைமீன், பெட்டிக்குச் செலவழிக்கும் காசில் கொஞ்சம் இன்சூரன்சுக்கும் போகட்டும்.

பாறைமீன்: அதற்கும் எடை போட வேண்டுமா?

போட்டுத்தான் பாருங்களேன். அடுத்து.

கடற்குதிரை: டைவ் டார்ச் எதில்?

பேட்டரியைக் கழற்றிக் கேபினில். எரியும் டார்ச் தண்ணீருக்கு வெளியே பயங்கரமாகச் சுடும். பைக்குள் தவறி ஆன் ஆனால் நெருப்புதான். உதிரி லித்தியம் பேட்டரி எதுவும் செக்-இன்னில் போகக் கூடாது. முனைகளில் டேப் ஒட்டுங்கள் அல்லது பிளாஸ்டிக் டப்பாவில் போடுங்கள். 100 வாட் அவர் வரை பொதுவாகப் பிரச்சினை இல்லை. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதியோடு இரண்டு உதிரி. 160-க்கு மேல் அனுமதி இல்லை. வோல்ட்டை ஆம்பியர் அவரால் பெருக்குங்கள்: 3.6 வோல்ட், 5 ஆம்பியர் அவர் என்றால் 18 வாட் அவர்.

முத்துச்சிப்பி: பவர் பேங்க்?

அதுவும் உதிரி பேட்டரிதான், மேலே பாருங்கள்.

சங்கு: கத்தி?

செக்-இன். உறையோடு.

நட்சத்திரமீன்: ரெகுலேட்டரை நன்றாகச் சுற்றி செக்-இன்னில் போடலாமா?

முதல் பதிலைப் படிக்கவில்லை போல. கேபின்.

இறால்: சிலிண்டர் எடுத்துப்போக எந்தப் பெட்டி?

எந்தப் பெட்டியும் வேண்டாம். போகிற இடத்தில் இருக்கும். மூழ்குவதற்காகக் கட்டிக்கொள்ளும் ஈயக் கட்டியும் இருக்கும், அதையும் தூக்காதீர்கள்.

கணவாய்: திரும்பி வரும்போது எல்லாம் ஈரமாகி எடை கூடிவிடுகிறது.

இது நல்ல கேள்வி. பல நாள் தொடர்ந்து டைவ் செய்தால் கடைசி டைவுக்குப் பிறகு குறைந்தது 18 மணி நேரம் பறக்கக் கூடாது. அந்த நேரத்தைக் காய வைக்கப் பயன்படுத்துங்கள். முதலில் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் தூசி மூடி இறுக்கமாக இருக்கட்டும். ஊறும்போது ரெகுலேட்டரின் வாய்ப்பகுதியில் உள்ள பர்ஜ் பட்டனை அழுத்தாதீர்கள், தண்ணீர் உள்ளே போகும். பிசிடியைத் தலைகீழாகப் பிடித்து உள்ளிருக்கும் தண்ணீரை வடியுங்கள். ஒரு லிட்டர் தங்கினால் ஒரு கிலோ கூடிற்று. வெட்சூட்டை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி நிழலில் போடுங்கள், தடிமனானது கடைசியாகத்தான் காயும். பையின் ஜிப்பையும் சக்கரத்தையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள், உப்பு இரண்டையும் இறுக்கிவிடும். அப்படியும் காயாதது பூட்ஸ்தான், அதைத் தனியாகப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஓரத்தில் வையுங்கள்.