டெபியனில் பழைய பதிப்புகள், ஆர்ச்சுக்கு மாறலாமா?

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் மென்பொருள்கள் பழைய பதிப்பு எண்ணிலேயே நிற்கின்றனவே, பாதுகாப்புக்காக ஆர்ச் என்ற இன்னொரு லினக்ஸுக்கோ, லினக்ஸ் அல்லாத ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்துக்கோ மாறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் காரணத்துக்காக மட்டும் என்றால் தேவையில்லை.

டெபியன் ஏறத்தாழ இரண்டு ஆண்டுக்கொரு முறை வெளியாகும். 12 வந்தது 2023 ஜூனில், 13 வந்தது 2025 ஆகஸ்டில். நடுவே பெரும்பாலான மென்பொருள்களின் பதிப்பை மாற்ற மாட்டார்கள். பாதுகாப்பு ஓட்டை தெரியவந்தால், புதிய பதிப்பில் செய்த திருத்தத்தை மட்டும் எடுத்துப் பழைய நிரலில் சேர்த்துத் தருவார்கள். எண் பழையதுதான், ஓட்டை அடைபட்டிருக்கும். உலாவிகள் விதிவிலக்கு: குரோமியத்தில் இந்த ஒட்டுவேலை கட்டுப்படியாகாது என்பதால் புதிய பதிப்பையே கொடுத்துவிடுகிறார்கள்.

ஆர்ச்சில் பெரிய வெளியீடு என்ற ஒன்றே இல்லை. மாற்றங்கள் வந்துகொண்டே இருக்கும். மென்பொருள் பட்டியலை மட்டும் புதுப்பித்துவிட்டு ஏதோ ஒன்றை மட்டும் நிறுவினால் சிக்கல். அது புதிய லைப்ரரியை (பல மென்பொருள்கள் பகிர்ந்துகொள்ளும் நிரல் தொகுப்பு) இழுத்துவரும், பழையதை நம்பியிருந்த வேறொன்று திறக்காது. புதுப்பித்தால் முழுக் கணினியையும் புதுப்பியுங்கள், அதற்கு முன் ஆர்ச் தளத்தின் அறிவிப்புகளைப் பார்த்துவிடுங்கள். சோம்பேறிகளுக்கு ஆகாத ஊர் அது.

ஃப்ரீபிஎஸ்டியில் இயங்குதளத்தின் மையமான கெர்னலும் அடிப்படைக் கருவிகளும் ஒரே குழு தயாரிப்பவை. வெளி மென்பொருள்கள் தனி. அதனால் அடிப்படையைத் தொடாமலே உலாவியைப் புதிதாக வைத்திருக்கலாம்.

உங்களுக்குப் புதிதாக வேண்டியது ஓரிரு மென்பொருள் என்றால், டெபியனிலேயே பேக்போர்ட்ஸ் களஞ்சியத்திலோ (புதிய பதிப்புகளை நடப்பு டெபியனுக்கு ஏற்பத் தருவது) ஃபிளாட்பேக்கிலோ (எந்த லினக்ஸிலும் ஓடும்படி மென்பொருளைத் தனிப் பொதியாகத் தரும் முறை) தேடிப் பாருங்கள்.