காப்பகத் தபால்: தோளில் மக்காவ், கோயில் குளத்தில் ஆமை

கைவிடப்பட்ட வெளிநாட்டு வளர்ப்பு விலங்குகளுக்குக் காப்பகம் நடத்துகிறவர்களும் தொடங்க நினைக்கிறவர்களும் கேட்பதற்குப் பதில் எழுதுகிறேன், நானும் அப்படி ஒரு காப்பகத்தில் இருப்பவன்தான். இந்த முறை வந்த கடிதங்களில் பாதி ஆமையைப் பற்றி. மீதியில் பாதி பணத்தைப் பற்றி. ஊர், பெயர் எல்லாம் எடுத்துவிட்டேன். ஒரே கேள்வியை நாலு பேர் கேட்டிருந்தால் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன்.

கேள்வி: அரை ஏக்கர் நிலம் இருக்கிறது. டிரஸ்ட் பதிவு முடிந்தது. கூண்டு வேலை பாதி ஆகிவிட்டது. அனுமதிக்கு எங்கே விண்ணப்பிக்க வேண்டும்?

பதில்: தாலி கட்டிவிட்டுப் பெண் பார்க்கப் போகிறீர்கள். மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் முன் அனுமதி கைக்கு வந்த பிறகுதான் முதல் கம்பியே நட வேண்டும். 'டிக்கெட் போட்டு யாருக்கும் காட்டப் போவதில்லை, அப்புறம் எப்படி ஜூ ஆகும்?' என்று அடுத்த கடிதம் எழுதாதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தில் ஜூ என்பதற்கு உள்ள விளக்கம் மீட்பு மையத்தையும் சேர்த்துத்தான். டிரஸ்ட் பத்திரம் வங்கிக் கணக்கு திறக்க உதவும். அதை வைத்துக்கொண்டு இகுவானா என்ற வெளிநாட்டுப் பல்லி ஒன்றைக்கூட வைத்திருக்க முடியாது.

கட்டிய வரைக்கும் நிறுத்துங்கள். வரைபடத்தில் தனிமைக் கூடம் எங்கே என்று பாருங்கள். பத்துக்கு எட்டு வரைபடங்களில் அது கடைசி மூலையில், தீவன அறைக்குப் பக்கத்தில், ஒரே சாக்கடையோடு சேர்ந்து இருக்கும். புதிதாக வரும் பறவை அங்கே ஒரு மாதமும், ஊர்வன இரண்டு மூன்று மாதமும் இருக்கப் போகின்றன. அதற்குத் தனித் தண்ணீர், தனித் துடைப்பம், தனிச் செருப்பு வேண்டும்.

கேள்வி: எங்கள் அமைப்புக்கு '… சரணாலயம்' என்று பெயர் வைக்கலாமா?

பதில்: வேண்டாம். சட்டப்படி சரணாலயம் என்பது அரசு அறிவிக்கும் இடம். காப்பகம் என்று வையுங்கள். மீட்பு மையம் என்றாலும் சரி.

கேள்வி: ஐயா, எங்களிடம் ஒரு ஆமை உள்ளது. எடுத்துக்கொள்வீர்களா?

பதில்: என்ன ஆமை? எவ்வளவு பெரிசு? எத்தனை வருடமாக இருக்கிறது? ஒரு படம்கூட இல்லாமல் எட்டு பேர் இதே வரியை எழுதியிருக்கிறார்கள். ஓட்டின் மேல் நட்சத்திரம் மாதிரி மஞ்சள் கோடுகள் இருந்தால் அது நட்சத்திர ஆமை. நம் நாட்டு உயிரினம், வனவிலங்குச் சட்டத்தின் அட்டவணை ஒன்றில் இருப்பது, வீட்டில் வைத்திருப்பதே குற்றம். வனத்துறையிடம் ஒப்படையுங்கள், ஒப்படைத்ததை எழுத்தில் வாங்குங்கள். பச்சைக்கிளிக்கும் இதே பதில்தான். எல்லார் வீட்டிலும் இருந்தது, பாட்டி வளர்த்தார் என்பதெல்லாம் வழக்கில் நிற்காது.

படத்தோடு மறுபடி எழுதுங்கள். ஓட்டின் மேல் ஒரு படம், வயிற்றுப் பக்கம் ஒன்று, பக்கத்தில் ஓர் அளவுகோல். எடையும் போடுங்கள்.

கேள்வி: வயது 62. ஓய்வுப் பணத்தில் கைவிடப்பட்ட கிளிகளுக்காக ஒரு காப்பகம் தொடங்க ஆசை. இப்போதே மூன்று ஆப்பிரிக்கச் சாம்பல் கிளிகளைத் தருவதாக ஒருவர் சொல்கிறார். மாதச் செலவு எவ்வளவு ஆகும்?

பதில்: மாதக் கணக்கை விடுங்கள், முதலில் வருடக் கணக்கைப் போடுவோம். சாம்பல் கிளி நல்ல கவனிப்பில் 40, 50 வருடம் இருக்கும். வருகிற கிளிக்குப் பத்து வயது என்றே வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு 90 ஆகும்போது அதற்கு 38தான், அதற்குப் பிறகும் பத்து வருடம் இருக்கலாம். சுல்கேட்டா என்ற பெரிய ஆப்பிரிக்கத் தரை ஆமை வந்தால் உங்கள் பேரன் காலமும் போதாது. ஆகவே டிரஸ்ட் பத்திரத்தில் நீங்கள் இல்லாத நாளில் பொறுப்பு யாருக்கு என்று எழுதுங்கள். அந்த ஆள் 40 வயதுக்குக் கீழே இருக்கட்டும், கையெழுத்தும் போடட்டும். மனைவி பெயரைப் போட்டு முடித்துக்கொள்ளாதீர்கள்.

பணம் என்று கேட்டதால் சொல்கிறேன். எல்லாரும் தீவனத்தைத்தான் கணக்குப் பார்க்கிறார்கள். எங்கள் செலவில் பாதிக்கு மேல் ஆட்கள் சம்பளம். அப்புறம் மருத்துவம், மின்சாரம். தீவனம் அதற்குப் பிறகுதான் வரும். ஆறு மாதச் செலவு வங்கியில் தொடாமல் கிடக்காவிட்டால் தொடங்காதீர்கள்.

இன்னொன்று. சாம்பல் கிளி 2017 முதல், அழியும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. தருகிறேன் என்பவரிடம் காகிதம் இருக்கிறதா என்று கேட்டீர்களா?

கேள்வி: நண்பர் ஒருவர் ஜோடி மார்மோசெட் (தென் அமெரிக்கக் குட்டிக் குரங்கு) தருகிறார். காகிதம் எதுவும் இல்லை. இப்போது வாங்கிக்கொண்டு பிறகு பதிவு செய்யலாமா?

பதில்: கூடாது. விலங்கு கை மாறும்போது குற்றமும் சேர்ந்து கை மாறும். வனவிலங்குச் சட்டத்தின் 2022 திருத்தத்துக்குப் பிறகு சைட்டிஸ் உயிரினங்கள் அட்டவணை நான்கில் வந்துவிட்டன. 2024 பிப்ரவரியில் வந்த விதிகள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய ஆறு மாத அவகாசம் கொடுத்தன, அது அந்த ஆகஸ்டோடு முடிந்தது. பிறப்பு, இறப்பு, கைமாற்றம் எல்லாவற்றையும் தெரிவித்தாக வேண்டும். நண்பர் வனத்துறையிடம் போகட்டும். அங்கிருந்து உங்களிடம் விடச் சொல்லி உத்தரவு வந்தால் எழுத்தில் வாங்குங்கள். 'போனில் சொன்னார் சார்' என்பது உத்தரவு ஆகாது.

கேள்வி: எங்கள் காப்பகத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் மக்காவை (பஞ்சவர்ணக்கிளியை) குழந்தைகள் தோளில் உட்கார வைத்து ஒரு படத்துக்கு 200 ரூபாய் வாங்குகிறோம். பறவை சாதுவானது, நன்றாகப் பழகியது. தீவனச் செலவு இதிலேயே வந்துவிடுகிறது. சிலர் குறை சொல்கிறார்கள். என்ன தப்பு?

பதில்: இதைப் படித்துவிட்டு எழுந்துபோய் ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன்.

கணக்கு எனக்கும் தெரியும். ஒரு ஞாயிறு 60 பேர் வந்தால் 12,000. மாதம் அரை லட்சம். யார் விடுவார்கள்? இருபது வருடத்துக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு சிறு மையத்திலும் இதையே செய்தோம், நான்தான் பறவையைத் தோள் தோளாக மாற்றி வைத்தவன். ஒரு அப்பா மறுவாரமே போன் செய்து, பஞ்சவர்ணக்கிளி எங்கே கிடைக்கும் என்று கேட்டார். தெரியாது என்றேன். அவர் எப்படியோ தெரிந்துகொண்டுவிட்டார். ஒன்றரை வருடத்தில் அவருடைய பறவை எங்கள் வாசலுக்கு வந்தது, நெஞ்சில் ஒரு இறகு இல்லாமல், தன்னைத் தானே பிடுங்கிக்கொண்டு. பள்ளிக்கூடம் திறந்ததும் பையன் கவனிப்பதை நிறுத்திவிட்டானாம். அந்தப் பறவையை அவர் வீட்டுக்கு அனுப்பியது எந்தக் கடைக்காரரும் இல்லை, எங்கள் தோள் படம்தான்.

நீங்கள் இலவசமாக ஷோரூம் நடத்துகிறீர்கள். இதே பறவைகளைக் கடத்திக்கொண்டு வருகிறவன் விளம்பரத்துக்கு ஒரு பைசா செலவழிக்க வேண்டியதில்லை. மீட்கப்பட்ட பறவை என்று பலகையில் எத்தனை பெரிதாக எழுதினாலும் படத்தில் அந்தப் பலகை வராது. குழந்தையும் பறவையும்தான் வரும்.

நோயையும் சொல்ல வேண்டும். கிளி இனங்களின் காய்ந்த எச்சத் தூளிலிருந்து சிட்டகோசிஸ் என்ற நுரையீரல் நோய் மனிதருக்கு வரும். பறவை பார்க்க நன்றாகவே இருக்கும், ஆனாலும் கிருமியைச் சுமந்துகொண்டிருக்கலாம். எதிர்த் திசையிலும் போகும். மனிதர் உதட்டில் வரும் சாதாரண ஹெர்பிஸ் கொப்புளம் மார்மோசெட்டுக்குத் தொற்றினால் பெரும்பாலும் உயிர் மிஞ்சாது. அடுத்து அதையும் மடியில் வைத்துப் படம் எடுக்கப் போகிறீர்கள் என்று எனக்கு ஒரு பயம்.

சாதுவானது என்கிறீர்களே, வரிசையில் நாற்பதாவது ஆள் வரும்போது அதன் கண்ணைப் பார்த்திருக்கிறீர்களா? கண்மணி சுருங்கிச் சுருங்கி விரிந்து, இறகு உடம்போடு ஒட்டிக்கொண்டு, அசையாமல் இருக்கும். அதைத்தான் நீங்கள் சாது என்கிறீர்கள். ஒரு நாள் அதே அலகு ஒரு குழந்தையின் காதில் பதியும். கொட்டைகளின் ஓட்டை உடைக்கிற அலகு அது.

அமெரிக்காவில் புலிக்குட்டியை மடியில் வைத்துக் காசு பார்த்த இடங்கள் பல, தங்களைக் காப்பகம் என்றுதான் சொல்லிக்கொண்டன. 2022 டிசம்பரில் அந்த நாடு சட்டம் போட்டு, பெரும்பூனைகளைப் பொதுமக்கள் தொடுவதையே தடுத்தது. நாம் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டுமா? ஆணையத்திடம் அங்கீகாரம் கேட்டு நிற்கும் நாளில் இந்த ஞாயிற்றுக்கிழமைப் படங்களே உங்களுக்கு எதிராகப் பேசும்.

சரி, பணத்துக்கு என்ன செய்வது? வருகிறவர்களிடம் கொட்டாங்கச்சி, தென்னை மட்டை, மூங்கில் துண்டு கொடுத்து பறவைக்கு விளையாட்டுச் சாமான் செய்யச் சொல்லுங்கள். அதற்கு 200 வாங்குங்கள். ஆள் கட்டிய சாமானைப் பணியாளர் உள்ளே தொங்கவிடட்டும், கட்டியவர் பத்தடி தள்ளி நின்று பறவை அதைச் சுக்குநூறாக்குவதைப் பார்க்கட்டும். நாங்கள் செய்து பார்த்தோம். தோள் படத்தில் வந்ததில் முக்கால் பங்கு வந்தது, குழந்தைகள் இன்னும் அரை மணி நேரம் கூடுதலாக நின்றார்கள்.

கேள்வி: மீட்ட இகுவானாக்களை ஜோடி சேர்த்துக் குஞ்சு பொரிக்க வைக்கலாமா?

பதில்: இருப்பதற்கே இடம் இல்லை என்று இதே கடிதத்தின் மூன்றாவது வரியில் எழுதியிருக்கிறீர்கள்.

கேள்வி: எங்களிடம் வந்த இகுவானாவின் தாடை ரப்பர் மாதிரி இருக்கிறது, பின்கால் நடுங்குகிறது. பழைய உரிமையாளர் நாய் பிஸ்கட்டும் பனீரும் கொடுத்தாராம். கால்சியம் சிரப் எவ்வளவு ஊற்றலாம்?

பதில்: நீங்களாக ஒரு சொட்டும் ஊற்ற வேண்டாம், இன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். எலும்பில் இருந்த சுண்ணாம்பெல்லாம் கரைந்துபோன நிலை இது. தூக்கும்போது அடியில் கை கொடுங்கள், எலும்பு முறியும். உயிர் பிழைத்தால் காலை வெயில் நேராகப் பட வேண்டும். கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயிலில் வேண்டிய கதிர் வராது, வெளிச்சம்தான் வரும். முருங்கை, அகத்தி, செம்பருத்தி இலையும் பூவும் கொடுங்கள். பாலக் கீரையைத் தினமும் போடாதீர்கள், அது சுண்ணாம்பைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும். இகுவானா முழுக்க முழுக்கச் சைவம், பனீரும் கூடாது. வாரம் ஒருமுறை எடை போடுங்கள்.

கேள்வி: பால் பைதான் (பந்துபோல் சுருளும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு) இரண்டு மாதமாகச் சாப்பிடவில்லை. உயிருள்ள எலி விட்டும் பார்த்தோம்.

பதில்: உயிருள்ள எலியை முதலில் வெளியே எடுங்கள். பசித்த எலி பாம்பைக் கடித்துக் குதறும், அப்படிக் கிழிந்த முதுகுகளை நான் தைக்கப் பிடித்துக்கொடுத்திருக்கிறேன். உறையவைத்த எலியை வெந்நீரில் இளக்கி, இடுக்கியால் காட்டுங்கள். இந்த இனம் மாதக்கணக்கில் பட்டினி கிடப்பது வழக்கம். அறையில் ஏசி ஓடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், காரணம் அங்கேயே இருக்கலாம். ஒரு ஓரம் 32 டிகிரி, மறு ஓரம் 26, இரண்டு பக்கமும் ஒளிந்துகொள்ள ஒரு பானை. எடை எவ்வளவு என்று எழுதவில்லை. எழுதியிருந்தால் கவலைப்பட வேண்டுமா என்று சொல்லியிருப்பேன். பத்தில் ஒரு பங்கு குறைந்திருந்தால் மருத்துவர்.

கேள்வி: சிவப்புக் காது ஆமைகள் 23 சேர்ந்துவிட்டன. இடம் போதவில்லை. ஊர்க் கோயில் குளம் பெரியது, குருக்களும் சம்மதிக்கிறார். விடலாமா?

பதில்: குருக்கள் சம்மதிக்கலாம், குளத்து ஆமைகள் சம்மதிக்காது. இது மிசிசிப்பி ஆற்றுப் படுகையின் ஆமை. கடையில் வாங்கும்போது ரூபாய் நாணயம் அளவு, வளர்ந்தால் சாப்பாட்டுத் தட்டு அளவு, ஆயுள் சுமார் 30 வருடம். நம் ஊர் ஆமை வெயில் காயும் படியை இது பிடித்துக்கொள்ளும், இரையையும் தின்றுவிடும், கொண்டுவந்த நோயைக் கொடுக்கும். மழைக்காலத்தில் குளம் நிரம்பி வாய்க்கால் வழியாக ஏரிக்கும் போகும். புண்ணியம் என்று நினைத்து விடுகிறார்கள், வீட்டுக் குப்பையைப் பக்கத்து மனையில் கொட்டுவதற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

சால்மொனெல்லா என்ற வயிற்றுக் கிருமியும் உண்டு. நாலு அங்குலத்துக்குக் குறைந்த ஆமையை விற்கக்கூடாது என்று அமெரிக்கா 1975லேயே தடை போட்டது குழந்தைகளுக்கு வந்த வயிற்றுப்போக்கால்தான். ஆண், பெண் பிரித்து வையுங்கள். சிமென்ட் தொட்டியைச் சுற்றி மேல் விளிம்பை உள்பக்கமாக மடக்குங்கள், இவை ஏறித் தப்பும். 24ஆவது ஆமைக்கு 'இடமில்லை' என்று சொல்லப் பழகுங்கள், அதுவும் காப்பக வேலையில் சேர்ந்ததுதான்.

கேள்வி: நன்கொடையாளர் 10,000 ரூபாய் ரொக்கமாகக் கொடுத்து 80ஜி ரசீது கேட்கிறார்.

பதில்: ரொக்கத்தில் 2,000க்கு மேல் அவருக்கு வரிச்சலுகை கிடைக்காது. காசோலையாகவோ வங்கி மூலமாகவோ வாங்குங்கள்.

கேள்வி: வெளிநாட்டிலிருக்கும் என் தம்பியின் நண்பர்கள், அந்நாட்டுக் குடிமக்கள், பணம் அனுப்புவதாகச் சொல்கிறார்கள். என் சொந்தக் கணக்கில் வாங்கி டிரஸ்டுக்கு மாற்றலாமா?

பதில்: செய்தீர்கள் என்றால் காப்பகத்தை மூட வேறு எதிரி வேண்டாம். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் பதிவு வேண்டும், அதற்கு வழக்கமாக மூன்று வருட வேலைக் கணக்கு காட்ட வேண்டும். பணம் முதலில் வந்து சேரும் கணக்கு டெல்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில்தான். ஆடிட்டரைப் பாருங்கள்.

கேள்வி: மழைக்காலம் வருகிறது. எங்கள் இடம் தாழ்வானது. என்ன தயார் செய்வது?

பதில்: 2015 டிசம்பரையும் 2023 மிக்ஜாமையும் பார்த்த ஊரில் இந்தக் கேள்வி ஜூன் மாதமே வந்திருக்க வேண்டும். எத்தனை விலங்கோ அத்தனை கூடை, ஒவ்வொன்றிலும் விலங்கின் பெயரும் எண்ணும். பாம்புக்குத் தலையணை உறை போதும், இரட்டை முடிச்சு. ஜெனரேட்டர் மேடையில் இருக்கட்டும், பத்து நாள் டீசலும் தீவனமும் அதற்கும் மேலே. எந்தக் கூண்டை முதலில் காலி செய்வது என்ற வரிசையை இப்போதே சுவரில் ஒட்டுங்கள், அன்றைக்கு யோசிக்க நேரமிருக்காது. வண்டிக்காரர் ஒருவரிடம் முன்கூட்டியே பேசி, எழுத்தில் வாங்குங்கள். 'திறந்துவிட்டால் தானே தப்பித்துக்கொள்ளும்' என்று ஒருவர் சொல்வார். அவரை அன்றைக்கு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: எடை போடுங்கள், எடை போடுங்கள் என்கிறீர்கள். என்ன தராசு?

பதில்: பறவைக்கும் பாம்புக் குட்டிக்கும் ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு, அதன் மேல் ஒரு மூடி போட்ட டப்பா. சுல்கேட்டாவுக்கு மூட்டை நிறுக்கும் பிளாட்பாரத் தராசு, பழையதாகவே கிடைக்கும். நோட்டுப் புத்தகத்தைத் தராசோடு கயிறு போட்டுக் கட்டிவிடுங்கள், பேனாவையும் சேர்த்து.