ஜிப்லைனில் உங்களை நிறுத்துவது யார்?

கேள்வி: எனக்கு 54 வயது. டிசம்பரில் மகள் குடும்பத்தோடு மயாமியிலிருந்து பத்து நாள் கரீபியன் கப்பல் பயணம் போகிறோம். செயின்ட் லூசியா தீவில் கப்பல் காலை 8 மணியிலிருந்து மாலை 5 மணி வரை நிற்கும். அங்கே காட்டுக்குள் ஜிப்லைன், அதாவது உயரக் கட்டிய கம்பியில் தொங்கியபடி சறுக்கிப் போவது, போயே ஆக வேண்டும் என்று ஒன்பது வயதுப் பேரன் ஒற்றைக்காலில் நிற்கிறான். நான் இதுவரை போனதில்லை. மூன்றாம் மாடி பால்கனியிலிருந்து கீழே பார்த்தாலே எனக்குத் தலை சுற்றும். எடை 82 கிலோ. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன், முழங்காலிலும் கொஞ்சம் வலி உண்டு. ‘முதன்முறை போகிறவர்களுக்கு ஏற்றது’ என்று விளம்பரத்தில் இருக்கிறது. நம்பிப் போகலாமா?

பதில்: மருத்துவர் சரி என்றால் நீங்கள் தாராளமாகப் போகலாம். ஆனால் அந்த ஒரு வரியை மட்டும் நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள். ‘முதன்முறை போகிறவர்களுக்கு ஏற்றது’ என்பதற்குப் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. கம்பி தாழ்வாக இருப்பதால் ஒருவர் அப்படிப் போடுவார், அனுபவம் கேட்பதில்லை என்பதால் இன்னொருவர் போடுவார். அதனால் பதிவு செய்வதற்கு முன்பு நீங்களே ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: “கம்பியின் முடிவில் என்னை நிறுத்துவது யார்? நானா, நீங்களா?”

இந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்பது, ஜிப்லைன் எப்படி ஓடுகிறது என்று தெரிந்தால் புரிந்துவிடும். இரண்டு மேடைகளுக்கு நடுவே முறுக்கிய எஃகுக் கம்பி. அதன்மேல் ஓடுவது நம் கிணற்றடியில் இருக்குமே, அதே கப்பிதான். இரண்டு சிறிய கப்பிகளை ஒரு கூட்டுக்குள் வரிசையாக வைத்திருப்பார்கள். அதிலிருந்து தொங்கும் பட்டை, உங்கள் இடுப்பையும் இரு தொடைகளையும் சுற்றிய ஹார்னஸோடு கொக்கியால் இணைந்திருக்கும். மோட்டார் கிடையாது. புறப்படும் மேடை உயரம், சேரும் மேடை தாழ்வு, அந்தச் சரிவுதான் உங்களை இழுத்துப் போகிறது. கம்பி நேர்கோடாக இல்லாமல் சற்றே தொய்ந்து தொங்குவதால், கடைசிப் பகுதியில் சரிவு குறைந்து வேகமும் தானாகக் குறையும். மீதி வேகத்தைக் கொல்வதுதான் நிறுத்தம்.

சில இடங்களில் அந்த வேலையை உங்களிடமே விடுவார்கள். உள்ளங்கையில் தடித்த தோல் வைத்துத் தைத்த கையுறை தருவார்கள். வழிகாட்டி எதிர் மேடையிலிருந்து சைகை காட்டியதும், அந்தக் கையைக் கப்பிக்குப் பின்னால் கம்பியின் மேல் வைத்து மெல்ல அழுத்த வேண்டும். கப்பிக்கு முன்னால் கை போகவே கூடாது, விரல் நசுங்கிவிடும். பயந்தவர்கள் எல்லாரும் செய்யும் தவறு ஒன்றுதான்: சீக்கிரமே அழுத்திவிடுவது. நானும் என் முதல் பயணத்தில் அதைத்தான் செய்தேன். மூன்றாவது கம்பியில், எதிர் மேடைக்குப் பத்தடி இருக்கும்போது நின்றுவிட்டேன். கப்பியின் ரீங்காரம் அடங்கியதும் காட்டின் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கியது. கையுறையிலிருந்து சூடேறிய தோலின் வாசனை வந்தது. வழிகாட்டி சொன்னபடி மேடைக்கு முதுகைக் காட்டித் திரும்பி, கிணற்றில் வாளி இழுப்பதுபோல் கைமாற்றிக் கைமாற்றிக் கம்பியைப் பற்றி என்னை நானே இழுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். ஆபத்து எதுவும் இல்லை. ஆனால் அடுத்த இரண்டு நாள் தோள்பட்டை வலித்தது. முதல் தடவை போகிற ஒருவருக்கு அந்த வேலை தேவையில்லை.

இன்னொரு வகையில் நிறுத்துவது அவர்களின் பொறுப்பு. கம்பியின் கடைசியில் ஸ்பிரிங் வரிசையோ, வழிகாட்டி கயிற்றால் பிடித்து இழுக்கும் தடுப்போ, காந்தவிசையால் இயங்கும் பிரேக்கோ இருக்கும். உங்கள் கைக்கு வேலையே இல்லை. முழங்காலை மடித்துக் காலைத் தூக்கி வைத்துக்கொண்டால் போதும். நீங்கள் தேட வேண்டியது இந்த வகையைத்தான். பிரதான பிரேக் தவறினால் பிடிக்க இரண்டாவது ஒன்று இருக்கிறதா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். நல்ல இடங்களில் இதற்கு உடனே, விளக்கமாகப் பதில் வரும்.

இன்னொன்றையும் கேளுங்கள்: “நடுவில் போதும் என்று தோன்றினால், எந்த மேடையிலிருந்து நடந்து இறங்கலாம்?” பல இடங்களில் முதல் இரண்டு கம்பிகள் தாழ்வாகவும் குட்டையாகவும் இருக்கும், அதுவரை இறங்கப் பாதையும் இருக்கும். அதைத் தாண்டினால் முன்னால் போவதுதான் வழி. அந்த மேடை எது என்று முன்கூட்டியே தெரிந்தால், மனம் அதுவரை மட்டும் யோசித்தால் போதும்.

இடத்துக்கு வருகிறேன். செயின்ட் லூசியாவில் கப்பல் காஸ்ட்ரீஸ் துறைமுகத்தில் கரையோடு சேர்ந்தே நிற்கும். படகு மாறிக் கரைக்கு வரும் தொல்லை இல்லாததால் நேரம் மிச்சம். தீவில் ஜிப்லைன் இருக்கும் இடங்களில் உங்களுக்குப் பொருந்துவது வடக்கே பாபனோ மலைப்பகுதியில் இருப்பது. துறைமுகத்துக்கு அருகில் என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமான காரணம், அதே வளாகத்தில் மர உச்சிகளின் ஊடே மெல்லப் போகும் கம்பிவண்டியும் இருப்பது. மேடை ஏறிய பிறகு மனம் ஒப்பவில்லை என்றாலும், வர மாட்டேன் என்று யாராவது சொன்னாலும், அவர்களும் அதே காட்டை அதே உயரத்திலிருந்து உட்கார்ந்தபடி பார்க்கலாம். இரண்டுக்கும் சேர்த்த டிக்கெட்டா, தனித்தனியா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தெற்கே சூஃப்ரியர் பக்கம் போனால் பிட்டோன் மலைகளின் அழகு கண்ணைப் பறிக்கும், மறுக்கவில்லை. ஆனால் வளைந்து வளைந்து ஏறி இறங்கும் சாலை, போகவே ஒன்றரை மணி நேரம் ஆகும். தலைசுற்றல் உள்ளவர் அந்தப் பயணத்துக்குப் பிறகு மேடை ஏறுவது சரியாக வராது.

இந்தக் கம்பிவண்டிக்கும் ஜிப்லைனுக்கும் ஓர் உறவு உண்டு. 1970-களில் கோஸ்டா ரிகாவின் மழைக்காடுகளில் மர உச்சியில் வாழும் உயிர்களை ஆராய, டொனால்ட் பெர்ரி போன்ற உயிரியலாளர்கள் கயிறுகளில் தொங்கி மரத்துக்கு மரம் போனார்கள். காட்டுக்குள் ஜிப்லைன் சுற்றுலா வளர்ந்தது அதிலிருந்துதான். அதே பெர்ரிதான் 1994-இல் அங்கே, தொங்கத் தயங்குகிறவர்களும் உச்சியைப் பார்க்கட்டும் என்று கம்பிவண்டியை அமைத்தார். கம்பிவண்டியைத் தேர்ந்தெடுப்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

வேறு தீவில் கப்பல் நிற்கும்போது பேரன் மறுபடி கேட்டால் கவனமாக இருங்கள். சின்ட் மார்ட்டினில் மிகச் செங்குத்தான சரிவில் இறங்கும் ஒரு கம்பி இருக்கிறது. புவேர்ட்டோ ரிகோவின் ஒரோகோவிஸில் 2 கிலோமீட்டருக்கும் மேல் நீளமான ஒன்று இருக்கிறது. உயரத்துக்குப் பயப்படுகிறவர் முதன்முறையே இவற்றில் போக வேண்டாம்.

கப்பல் நிறுவனம் மூலம் பதிவு செய்வதா, நேரடியாகவா? நேரடியாகப் போனால் செலவு குறையும். ஆனால் வழியில் வண்டி பழுதானால், கப்பல் உங்களுக்காகக் காத்திருக்காது. கப்பலின் சொந்த ஏற்பாட்டில் போனவர்கள் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், அல்லது அடுத்த துறைமுகத்துக்கு உங்களைக் கொண்டுசேர்க்கும் பொறுப்பை அவர்களே ஏற்பார்கள். சின்னப் பையனோடு முதன்முறை போகிறீர்கள், கூடுதல் பணம் போனாலும் கப்பல் ஏற்பாடுதான் என் தேர்வு. எப்படிப் போனாலும் காலைச் சுற்றையே கேளுங்கள். 5 மணிக்குக் கிளம்பும் கப்பலில் பெரும்பாலும் 4.30-க்குள் ஏறிவிட வேண்டும்.

கடிகார விஷயத்தில் பலர் தடுமாறுகிறார்கள். டிசம்பரில் செயின்ட் லூசியா மயாமியைவிட ஒரு மணி நேரம் முன்னால் இருக்கும். சில கப்பல்கள் கடிகாரத்தை மாற்றும், சில மயாமி நேரத்திலேயே ஓடும். மாற்றாத கப்பலில் இருந்துகொண்டு, உள்ளூர் வண்டிக்காரர் “பத்து மணிக்கு வாருங்கள்” என்றால், கப்பல் கடிகாரத்தில் அது ஒன்பது. முந்தின நாள் இரவே கப்பலில் கேட்டு, கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசி தானாக மாறிவிடும், அதை நம்ப வேண்டாம்.

உடல்நிலை. 82 கிலோ ஒரு தடையே இல்லை, பல இடங்களில் மேல்வரம்பு 110 கிலோவை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கிறது. அங்கேயே எடை பார்ப்பார்கள், கூச்சப்பட வேண்டாம். எடை கூடினால் வேகமும் கூடும் என்பதால் நிறுத்துகிறவருக்கு அது தெரிய வேண்டும். ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறதா என்று கிளம்புவதற்கு முன்பு மருத்துவரிடம் காட்டி, ஜிப்லைன் என்றே சொல்லிக் கேளுங்கள். அன்று காலை மாத்திரையைத் தவறவிடாதீர்கள். கையெழுத்து வாங்கும் படிவத்தில் மாத்திரை, முழங்கால் இரண்டையும் மறைக்காமல் எழுதுங்கள். முழங்காலுக்குச் சிரமம் தருவது கம்பி அல்ல, மேடைகளுக்கு ஏறும் படிகள்தான். எத்தனை படி, எவ்வளவு நடை என்று கேட்டுவிடுங்கள். சமீபத்தில் அறுவை சிகிச்சை, இதயநோய், கழுத்து அல்லது முதுகெலும்புத் தொல்லை இருந்தால் போகவே கூடாது, கர்ப்பிணிகளும் அப்படியே. பயணக் காப்பீட்டில் சாகச விளையாட்டுகளை விலக்கியிருக்கிறார்களா என்றும் படித்துப் பாருங்கள்.

உடுப்பில் நம் பெண்களுக்கென்றே சில விஷயங்கள் உண்டு. சுடிதார் போதும், துப்பட்டா வேண்டாம். கப்பியில் சுற்றிக்கொள்ளக்கூடிய எதுவும் உடம்பில் தொங்கக் கூடாது. தாலிக்கொடியைக் கழற்ற மனமில்லை என்றால் உள்ளே போட்டு ஊக்கால் குத்திக்கொள்ளுங்கள், சட்டைக்கு வெளியே வரவே கூடாது. வளையலும் மோதிரமும் கப்பல் அறைப் பெட்டகத்திலேயே இருக்கட்டும். கொண்டையை உச்சியில் போட்டால் ஹெல்மெட் உட்காராது, பின்னலைப் பிடரியில் தாழ முடிந்து சட்டைக்குள் விடுங்கள். முன்னும் பின்னும் மூடிய ஷூ கட்டாயம். பேரனுக்கு ராணுவப் பச்சைப் புள்ளி போட்ட கால்சட்டை இருந்தால் அதை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்: செயின்ட் லூசியா உட்படப் பல கரீபியன் தீவுகளில் பொதுமக்கள், குழந்தைகள்கூட, அந்த உடை அணிவது சட்டப்படி குற்றம்.

மழை டிசம்பரில் குறைந்துகொண்டு வரும், ஆனாலும் மலைக்காட்டில் எந்நேரமும் ஒரு தூறல் வரலாம். தூறலுக்கு நிறுத்த மாட்டார்கள். இடி மின்னலுக்கு நிறுத்துவார்கள், நிறுத்தவும் வேண்டும்.

இனி அந்த முதல் மேடை. நீங்கள் பயப்படுவது அந்த இடத்துக்குத்தான், எனக்குத் தெரியும். மேடையில் உங்கள் ஹார்னஸிலிருந்து இரண்டு கொக்கிகள் தொங்கும். ஒன்றைக் கழற்றுவதற்கு முன்பு மற்றொன்று மாட்டியிருக்க வேண்டும், ஒரு நொடிகூட இரண்டும் கழன்றிருக்கக் கூடாது. வழிகாட்டி மாட்டும்போது உங்கள் கண்ணாலும் பாருங்கள். அமெரிக்காவில் 1997 முதல் 2012 வரை அவசரப் பிரிவுகளுக்கு வந்த ஜிப்லைன் காயங்களை ஆராய்ந்தபோது, முக்கால் பங்குக்கு மேல் விழுந்ததால் வந்தவை என்று தெரிந்தது. வீட்டுக் கொல்லையில் கட்டிய கம்பிகளும் அந்தக் கணக்கில் உண்டு. இருந்தாலும் கொக்கியில் கண் வைக்க அதுவே போதுமான காரணம்.

மாட்டியதும் குதிக்கத் தயாராகாதீர்கள், குதிக்கும் வேலையே இதில் கிடையாது. மேடையில் நின்றபடியே முழங்காலை மடித்து, ஊஞ்சல் பலகையில் உட்காருவதுபோல் மெல்ல ஹார்னஸில் உட்காருங்கள். பட்டை இறுகும், கம்பி லேசாக முனகும், உங்கள் முழு எடையும் அதற்குப் போய்விடும். இன்னும் மேடை காலடியிலேயே இருக்கும். அப்படியே இரண்டு மூச்சு இழுத்து விடுங்கள். என்னோடு வந்தவர்களில் பயந்தவர்கள் பலருக்கும் அந்த இரண்டு மூச்சில்தான் தாடை இறுக்கம் தளர்ந்தது. “கொஞ்சம் பொறுங்கள்” என்று வழிகாட்டியிடம் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. பிறகு கீழே பார்க்காமல் எதிர் மேடையில் நிற்பவரின் கையைப் பாருங்கள். காலை மட்டும் தூக்கினால் போதும், மீதியைச் சரிவு பார்த்துக்கொள்ளும். போகும்போது உடம்பு சுழன்றால் பதற வேண்டாம், பட்டையைப் பிடித்து மெல்ல எதிர்ப்பக்கம் திருகினால் நேராகிவிடும்.

பேரனைப் பற்றி ஒரு வார்த்தை. எடை குறைந்த பிள்ளைகள் கம்பியின் நடுவிலேயே நின்றுவிடுவது சகஜம், எதிர்க்காற்று இருந்தால் இன்னும் அதிகம். அவனுக்குக் குறைந்தபட்ச வயது, எடை வரம்பு பொருந்துகிறதா என்று இப்போதே கேட்டு வையுங்கள். எடை போதவில்லை என்றால் வழிகாட்டியோடு சேர்த்து அனுப்புவார்களா என்றும் கேளுங்கள். அவனை உங்களுக்கு முன்னால் போகவிடுங்கள், ஆனால் அவன் அம்மா அவனுக்கும் முன்னால் போய் எதிர் மேடையில் நிற்கட்டும்.